கேள்வியை ஏலம் விட்டவர்

நாக்கில் கால்வாசியை அறுத்து எடுத்த பிறகும் பேச்சில் கால்வாசிகூடக் குறையாத மனிதர் வடசென்னையிலேயே ஒருவர்தான். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஏலக்காரர் என்றால் ராயபுரத்துப் பூனைகளுக்குக்கூடத் தெரியும்.

அவர் எனக்கு அறிமுகமானது மீனால் அல்ல, கவலையால். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ண மூட்டை இல்லாமல் போனதும், மார்பகப் புற்றுநோய் குணமான என் மனைவியின் இருமலை எண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ குழு அமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "இங்க உக்காந்து கவலைப்படறத அங்க போய்ப் படுங்க. யாருக்காவது உபயோகப்படும்."

குழுவின் நோக்கம் நல்லதுதான். புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. அதில் எதை விசாரிப்பது என்பதை டாக்டர்கள் மட்டும் முடிவு செய்யாமல், நோய் கண்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் கூட உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டுமாம். "நீங்க எல்லாரும் இதுல பங்குதாரர்கள்" என்றார் பொறுப்பிலிருந்த இளம் டாக்டரம்மா.

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஏலக்காரர் எழுந்துவிட்டார். படகுத் தொழிலில் பங்கு என்றால் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கடலுக்குப் போகுமுன்பே பேசியாக வேண்டும். இங்கே எங்கள் பங்கு என்ன? பஸ் செலவும் டீயும் தருவோம் என்றார் டாக்டரம்மா. அது கூலி, பங்கு எங்கே என்றார் இவர். டாக்டரம்மா சற்று யோசித்து, பட்டியலில் ஒரு கேள்வி முழுக்க உங்களுடையது, நீங்கள் சேர்ந்து எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் கைவைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஏலக்காரர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்திலேயே கேள்வியையும் சொன்னார்.

"யார் கூட குந்திகினு துண்றீங்க? அத்தக் கேளு டாக்டரம்மா."

எதைச் சாப்பிட முடிகிறது, விழுங்கினால் வலிக்கிறதா, எடை குறைந்ததா என்பதெல்லாம் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. அவர் கேட்டது அதுவல்ல. அறுவைக்குப் பிறகு அவர் வாயின் ஒரு பக்கமாகச் சோறு வெளியே வந்துவிடும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அவர் முடித்த பிறகு மனைவி பிலோமினா அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவார். "எங்கூட்டு செவுத்துக்கு என் மூஞ்சி மனப்பாடம்" என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தார். பின்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் படித்துப் பாருங்கள் என்று பட்டியலின் பிரதிகளைக் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் படித்தோம். ஏலக்காரர் அதைக் கையோடு காசிமேட்டுக்குக் கொண்டுபோய், விடியற்காலையில் வலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரிடமும் விசாரித்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அத்தனை பேரும் கடும் சோர்வு, தூக்கமில்லை, இடுப்பு வலி என்று சொல்லியிருந்தார்கள். ஒருவருக்கும் புற்றுநோய் கிடையாது. அந்தத் தாள்களின் வாடை தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே கல் வைத்துக் காயவைத்தார்கள். இது நோய் வந்தவர்களுக்கான கேள்வி என்று டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வராதவன் மட்டும் என்ன சுகமாகவா இருக்கிறான் என்று இவர் ஒரு மணி நேரம் வாதாடினார்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் நாளும் வந்தது. வண்ணாரப்பேட்டையில் லுங்கிக் கடை வைத்திருக்கும் பாய், குணமாகித் திரும்பியவரை வேலை செய்ய விடுகிறார்களா என்று கேட்கச் சொன்னார். அவர் பிள்ளைகள் அவரைக் கல்லாவில் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். என் கேள்வி, அடுத்த பரிசோதனைக்கு முந்தின வாரம் வீட்டில் யாராவது தூங்குகிறார்களா என்பது. என் வீட்டில் மனைவி தூங்குவாள்.

கை தூக்கச் சொன்னார்கள். ஆளாளுக்குத் தன் கேள்விக்கே தூக்கினோம். ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களை எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏலக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். யார் அதிக வீட்டுக்குப் போகிறேன் என்கிறாரோ அவருடைய கேள்விதான் என்றார். சொல்லி முடிக்குமுன் மேஜையைத் தட்டி ஏலத்தை ஆரம்பித்துவிட்டார்.

பாய் ஐந்து என்றார். நான் ஆறு. அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஒன்பது வரை மூச்சுவிடாமல் ஏற்றிக்கொண்டே போனேன். பன்னிரண்டு என்று நான் சொன்னதும் பாய் துண்டை உதறிக்கொண்டு விலகினார்.

"நைனாவுக்கு பன்னெண்டு, ஒரு தரம்" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. கூடைக்கு முன்னால் நின்று ஏலம் கூறுகிறவர் அந்தக் கூடைக்கு விலை கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் அவர் முன்னால் யாரும் கூடை இறக்க மாட்டார்கள். இத்தனை நாள் தூக்கிச் சுமந்த கேள்வியை அவரே ஏலத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். இங்கே அந்த வழக்கமெல்லாம் வேண்டாம், நீங்களும் கேளுங்கள் என்றார் டாக்டரம்மா. அவருக்கு அது அவமானமாகப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டு தரம்" என்றார்.

"இருவது."

பின்வரிசையிலிருந்து பிலோமினா.

"எந்தக் கேள்விக்கு?" என்று தொழில் மறக்காமல் கேட்டார் ஏலக்காரர்.

"உன்துக்குத்தான்."

"உனுக்கு முட்டி வலி கீதேம்மே."

"ஏலத்த மட்டும் பாரு. நான் தனியா போ மாட்டேன், உன்னியும் இட்னுதான் போவேன். போற வூட்டுல சோறு போடாம அனுப்ப மாட்டாங்க. அவங்க எதிர்ல, என் பக்கத்துல குந்திகினு நீ துண்ணணும். அதுக்கும் சேத்துதான் இருவது."

ஏலக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் இருபத்தொன்று என்று சொல்லிவிட மாட்டேனா என்று அந்தக் கண்கள் கெஞ்சின. நான் மின்விசிறியைப் பார்த்தேன். பாய் தன் செருப்பைப் பார்த்தார்.

கேட்ட விலையை ஒப்புக்கொள்ளாமல் போவதும் காசிமேட்டில் வழக்கமில்லை. "இருவது, ஒரு தரம்" என்றார். எல்லாக் கூடைகளையும் அந்தக் குரலில் விற்றிருந்தால் பட்டினிதான் கிடந்திருப்பார். மூன்றாம் தரம் எனக்குக் கேட்கவேயில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

கேள்வி பட்டியலில் ஏறியது. அவர்களும் கிளம்பினார்கள். எண்ணூரில் முதல் வீட்டில் டீயோடு தப்பித்தாராம். அடுத்த வீட்டில் பிலோமினா விடவில்லையாம்.

கணக்கில் சேராத ஒரு வீடாக எங்கள் வீட்டுக்கும் ஒரு மதியம் அழைத்தோம். என் மனைவி காரம் குறைத்து வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். ஏலக்காரர் முதலில் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பிறகு பேச்சு வந்துவிட்டது. பேச்சோடு குழம்பும் வந்தது. சட்டையில் சிந்தியது, மேஜை விரிப்பில் சிந்தியது. பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுத்து, நிதானமாகத் தன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் என் மனைவி விரிப்பைத் துவைக்க எடுத்தாள். இருக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.