சோடா குடித்த புரதம்

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐம்பது நிமிடம் முழங்கக்கூடியவன் நான். (பேச்சை முடிக்கச் சொல்லும் துண்டுச்சீட்டு நீட்டப்படாமல் நான் இறங்கிய மேடை தூத்துக்குடியில் இல்லை.) அந்தப் பெருமைக்கு நான் பலியிட்டது, என் அக்காவின் நெடுநாள் காத்திருப்பை.

எங்கள் அப்பா சங்கு குளிப்பவர்; கடலடிக்கு மூழ்கிச் சங்கெடுப்பது தொழில். அக்கா ரீட்டா ஆராய்ச்சி மாணவி. ஆக்சிஜன் குறையும்போது உடலின் செல்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதே அவள் ஆய்வு. அதற்குக் கட்டளையிடும் மனிதப் புரதம் ஒன்று உண்டு. மனித மரபணுவை நுண்ணுயிரிக்குள் புகுத்தி உருவாக்கிய அந்தப் புரதம், விரல்நுனி அளவுக் குப்பியில், உலர்பனிக்கட்டி (டிரை ஐஸ்) நிரம்பிய பெட்டிக்குள் கூரியரில் வந்திறங்கியது. ஆய்வேட்டின் கடைசிச் சோதனை அதை நம்பியிருந்தது. கூரியர் அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்கு எடுத்துவரும் பொறுப்பு எனக்கு.

"ஏலே, எங்கயும் நிக்காத. மூடியத் தொறக்காத. நேரா லேபுக்கு வா," என்றாள் போனில்.

வழியில் சங்கு குளிப்போரின் ஆண்டுவிழா. பட்டிமன்றம்: 'கடலடியில் கைகொடுப்பது மூச்சா, துணிச்சலா?' மூச்சு அணியில் ஒருவர் வரவில்லை. அமைப்பாளர் அண்ணாச்சி என்னைக் கண்டுவிட்டார்.

"தம்பி, அஞ்சே நிமிசம்! ஏறுங்க!"

பெட்டியோடு ஏறினேன். "துணிச்சல் அணியினரே! மூச்சின் இரகசியம் இதோ என் கையில்!" என்று மூடியைத் திறந்தேன். வெண்புகை எழுந்தது; கரவொலி அதிர்ந்தது. புகை போதாதென்று தோன்றவே, பேச்சாளருக்கு வைத்திருந்த சோடாவை உள்ளே ஊற்றினேன். மேடையே மேகமானது. நடுவர் மறைந்தார், அவர் அடித்த மணியும் என் காதில் விழவில்லை.

இறங்கியபோது உலர்பனி அத்தனையும் புகையாகிப் போயிருந்தது; பெட்டியில் சோடாவும் அதில் மிதந்த குப்பியும்தான்.

"ஏலே, இதுக்கா இப்பிடி முழிக்க?" என்ற, பந்தலோரம் நின்ற ஐஸ் வண்டிக்காரர், மீனுக்குப் போடும் ஐஸை உப்போடு அள்ளிப் போட்டார். "சாளை மீனே கெடாம நிக்கும்!"

சாளை நிற்கும்தான்.

ஆய்வகத்தில் அக்கா குப்பியை வெளியே எடுத்தாள். அதன்மேல் ஒரு மீன் செதில் மின்னியது. உள்ளே உறைந்திருக்க வேண்டியது நீராக ஆடியது.

"ஒருதடவ இளகிட்டுன்னா இத நம்பி ஒண்ணும் செய்ய முடியாதுல. அடுத்தது வர ஆறு மாசம் ஆவும்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சமாதான உரைக்குத் தொண்டையைச் செருமினேன். அவள் திட்டியிருக்கலாம். செதிலை விரலால் துடைத்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"சின்னதுல, அப்பா முங்குனா மேல வார வரைக்கும் வள்ளத்துல நீயும் மூச்சப் புடிச்சிட்டு இருப்பியே. அந்தப் பயல எங்கன தொலைச்ச?"

இன்றும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், "ஏளா ரீட்டா, சோடாவ ஒளிச்சு வையி!" என்பார் அப்பா.

அன்று அக்காவுக்குச் சொன்ன பதில்தான் என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை. ஆய்வகம் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

"அக்கா, அடுத்த குப்பி உன் கைக்கு வார வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். மூச்சப் புடிச்சிட்டே கொண்டாருதேன்."