தனியாகப் போன இருவர்

தனியாக நடப்பவர்களில் ஒரு சாதாரண ரகம் உண்டு. துணைக்கு ஆள் கிடைக்காததால் தனியாக நடப்பவர்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாவம், நடந்துவிட்டுப் போகட்டும். நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகிறவர் வேறு ரகம். தனியாகப் போகப்போகிறேன் என்று தெருத்தெருவாகச் சொல்லி, சொன்னதைக் கேட்டவர்கள் மறந்திருப்பார்களோ என்ற கவலையில் மறுபடியும் சொல்லி, ஊரையே தன் தனிமைக்குச் சாட்சி வைத்துவிட்டுக் கிளம்புகிறவர். இவருக்கு ‘தனிநடையர்’ என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன்.

தனிநடையரை மார்கழியில் பார்க்க முடியாது. குளிர்ந்த காற்று வீசும்போது மலை ஏறுவதில் என்ன வீரம் இருக்கிறது? கத்திரி வெயில் தொடங்கி, ஏரியில் மிச்சமிருக்கும் சேற்றை விட்டு எருமைகூட எழுந்திருக்க மறுக்கிறதே, அப்போதுதான் இவருக்குக் கால் அரிக்கும்.

உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த தனிநடையர் வேதாசலம். ஆபீஸில் தலைமை குமாஸ்தா. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடக்கிற தூரத்துக்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அதை யாரும் பார்க்கக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பதுபோல் நிற்பார். அப்படிப்பட்ட மனிதர், பழையசீவரத்துக் கோயில் மலைக்குப் பின்னால் குன்று குன்றாகத் தொடரும் காட்டில், விறகு வண்டிகளுக்காக வெட்டிவிட்ட செம்மண் சாலையில் ஒரு பகல் முழுக்கத் தனியாக நடந்து வருவது என்று முடிவு செய்தார். பெரிய மலை ஒன்றுமில்லை. ஆனால் வேதாசலம் அதைச் சொல்லும்போது ‘மலை’ என்ற சொல்லில் பனி மூடியிருக்கும்.

காபி ஹோட்டலில் அறிவிப்பு நடந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறேன்.”

“பேஷா போங்க சார். யாரு யாரு போறீங்க?”

“நான் மட்டும்.”

“ஏன் சார், கூப்ட்டா ஒருத்தரும் வரலையா?”

தனிநடையருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அன்று முதல் வேதாசலம் அறிவிப்பின் வாசகத்தை மாற்றினார். “எவ்வளவோ பேர் வரேன்னு கெஞ்சினாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். மனுஷன்னா தனியா இருந்து பழகணும்” என்றார். அந்த எவ்வளவோ பேரில் ஒருவரைக்கூட நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கு மட்டும் இதில் பெருமை எதுவும் தெரியவில்லை.

“இந்த வெயில்ல காக்காகூட வெளிய வரல. மயக்கம் கியக்கம் வந்தா இன்னா பண்ணுவீங்க? கூட யாருனா வரட்டுமே.”

“யாரும் வரக்கூடாது. அதுதானே விஷயமே!”

“இன்னா விஷயமோ போங்க” என்றாள் அந்த அம்மாள். அவளுக்குப் பயம். அதைப் புளியோதரையாகவும் தயிர்சாதமாகவும் கட்டிக் கொடுத்தாள்.

தனியாகப் போகும் இந்த மனிதருக்காக எத்தனை பேர் உழைத்தார்கள் என்று பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்தவள் மனைவி. தோலில் செய்த மிலிட்டரி பெல்ட்டும் தண்ணீர்ப் புட்டியும் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியவர் மைத்துனர். ஆணி அடித்த பூட்ஸுக்கு எண்ணெய் போட்டவர் எதிர்வீட்டுக்காரர். வெயிலுக்குப் போடும் சோலாத் தொப்பி ஆபீஸ் மேலதிகாரியுடையது. பஸ் ஸ்டாண்டு வரை மூட்டையைத் தூக்கி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். இவ்வளவு பேரும் பஸ் அருகில் நின்று கையசைக்க, வேதாசலம் ஜன்னலுக்கு வெளியே ஏகாந்தமாகப் பார்த்தார்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலைக் கடந்து, பழையசீவரத்தைத் தாண்டி, காட்டுச் சாலையில் ஏறும்போதே வெயில் சுள்ளென்று இருந்தது. அங்கே செங்கேணி என்ற கூலிக்காரப் பெண், சுள்ளிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே இறங்கி வந்தாள். வேதாசலம் அவளை நிறுத்தினார். வழி கேட்கவா? இல்லை. சொல்வதற்கு.

“நான் தனியா இந்த ரோட்டுல கடைசி வரைக்கும் போறேம்மா.”

“அங்க இன்னா சார் கீது?”

“ஒண்ணும் இல்ல. சும்மா நடக்கத்தான்.”

“ஐயோ, பேஜாரு” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளும் வாரம் முழுவதும் அந்தச் சாலையில் தனியாகத்தான் போய் வருகிறாள். அதற்கு விறகு பொறுக்குவது என்று பெயர். யாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கையசைப்பதில்லை.

முதல் திருப்பம் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. காரைச் செடியும் சூரைமுள்ளும் இரண்டு பக்கமும் காய்ந்து நின்றன. வேதாசலம் இடுப்பில் கைவைத்து நின்று, “ஆகா, என்ன ஒரு தனிமை!” என்று வாய்விட்டுச் சொன்னார். யாருக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாரோ தெரியாது. ஆனால் கேட்டுவிட்டது. பின்னால் யாரோ செருமினார்கள்.

திரும்பினார். கூப்பிடு தூரத்தில், சோலாத் தொப்பி, தடி, தண்ணீர்ப் புட்டி சகிதம் இன்னொரு தனிநடையர் நின்றுகொண்டிருந்தார். முத்துகிருஷ்ணன்!

முத்துகிருஷ்ணன் யார் என்று சொல்ல வேண்டும். அதே ஊரில் இன்ஷூரன்ஸ் ஏஜண்ட். ஆள் அகப்பட்டால் விடமாட்டார். சாவு வீட்டில் பாடை தூக்குகிறவர்களிடம்கூட வயதென்ன, குழந்தைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே நடப்பவர். வேதாசலத்தை ஒரு பாலிசியில் மாட்டிவிட வருஷக்கணக்காகத் துரத்திக்கொண்டிருந்தார். வேதாசலம் சந்து சந்தாகப் புகுந்து தப்பித்துக்கொண்டிருந்தார். அன்று உண்மையில் முத்துகிருஷ்ணனுக்கு வியாபார நோக்கமே இல்லை. மனிதர்களிடம் பேசிப் பேசி வாய் வலித்துப்போய், ஒரு நாள் தனியாக நடந்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார். பழையசீவரத்தில் உறவினர் வீட்டில் முதல்நாளே வந்து தங்கி, அங்கேயும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

வேதாசலம் நினைத்தார்: ‘மலைக்காடு என்றும் பார்க்காமல் துரத்தி வந்துவிட்டானே!’

முத்துகிருஷ்ணன் நினைத்தார்: ‘என்னைப் பார்த்துக் காப்பியடிக்கக் கிளம்பிவிட்டானே!’

மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? “அட, நீங்களா!” என்று சிரித்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, இவர் புளியோதரையை அவரும் அவர் சப்பாத்தியை இவரும் சாப்பிட்டு, பேசிக்கொண்டே நடந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் அது இரண்டு பேர் போன நடை. ஊருக்குத் திரும்பி அதை எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வேதாசலம் நடையை எட்டிப்போட்டார். பின்னால் வருகிறவர் நின்றால் இவரும் நிற்கலாம். ஆனால் அவர் நிற்கவில்லை. முந்திக்கொண்டு போய்விட்டால் சாலை தனக்கு மட்டும் சொந்தமாகிவிடும் என்பது முத்துகிருஷ்ணன் கணக்கு. ஒரு நாவல் மரம் வந்தது, அடியில் நல்ல நிழல். உட்கார்ந்தால் பாலிசி வந்து பக்கத்தில் உட்காரும். வேதாசலம் நிழலைத் தாண்டி வெயிலுக்கு ஓடினார். இன்னொரு மரம் வந்தது, அதையும் விட்டார். சாப்பாட்டு மூட்டை கனத்தது, ஒரு பாறைமேல் வைத்துவிட்டுப் போனார். ஏற்றத்தில் தண்ணீர்ப் புட்டி காலியானது. குமாஸ்தா நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்து சேர்த்த சதை, ஆணி பூட்ஸ், இரவல் தொப்பி எல்லாமாக அந்தச் செம்மண் மேட்டில் உருண்டு புரண்டு ஏறின.

உச்சி வெயிலில் வேதாசலத்துக்கு வியர்ப்பது நின்றுபோயிற்று. சாலை இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் யாரும் இல்லை என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டிருப்பார். அப்புறம் குப்புற விழுந்தார்.

முத்துகிருஷ்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? ஓடினாரா? அதுதான் இல்லை. ஒரு உசிலை மரத்தடியில் உட்கார்ந்தார்! விழுந்தவர் தானாக எழுந்து போய்விட்டால் இருவருடைய தனிமையும் பத்திரமாக இருக்குமே. ஒரு பீடியைப் பற்றவைத்துக் காட்டை ரசித்தார். அணில் ஒன்றைப் பார்த்தார். இன்னொரு அணில் வருமா என்று காத்திருந்தார். பீடி முடிந்தது. வேதாசலம் அசையவில்லை.

அப்போதுதான் அந்த மனிதருக்குள் எங்கேயோ மூலையில் கிடந்த மனிதன் பயந்து எழுந்தான். ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டார். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. தோள் துண்டால் நிழல் பிடித்து, தன் புட்டித் தண்ணீரை முகத்திலும் மார்பிலும் ஊற்றி, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார். “வேதாசலம் சார்! சார்! கண்ணைத் திறங்க சார்!”

வேதாசலம் கண்ணைத் திறந்தார். நேர் மேலே ஏஜண்டின் முகம்.

“பாலிசி வேணாம்” என்றார்.

“அடப் பாவி மனுஷா, தண்ணியக் குடிங்க முதல்ல.”

குடித்தார். கொஞ்சம் தெளிந்ததும் நன்றி சொன்னார் என்று நினைப்பீர்கள்.

“நான் தனியாத்தான் வந்தேன்.”

“நானும் தனியாத்தான் வந்தேன். உங்களை யாரு கேட்டாங்க?”

நல்லவேளையாக எல்லப்பன் என்ற வண்டிக்காரன் விறகு வண்டியோடு வந்து சேர்ந்தான். மாட்டை நிறுத்திக் குதித்தான்.

“இன்னா சார், செத்துகித்துப் பூட்டாரா?”

“இல்லப்பா, மயக்கம்.”

“நீங்க கூட வந்தவரா?”

“இல்லை!” என்றார் முத்துகிருஷ்ணன். தரையில் கிடந்த வேதாசலமும் தலையைத் தூக்கி “இல்லை!” என்றார்.

“ஒரே ரோட்டுல முன்னயும் பின்னயும் வந்துகினு இருந்துட்டு, அது இன்னா சார் தனியா?”

“உனக்குப் புரியாது. தூக்கு.”

எல்லப்பன் பாதி விறகைக் காட்டிலேயே இறக்கிப்போட்டு இடம் செய்தான். வழியில் வேதாசலம் இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒரு முறை நினைவு தப்பி, கோவிந்தம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முத்துகிருஷ்ணன் வண்டியின் பின்பக்கம், முதுகைக் காட்டிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் நோயாளியின் தலை ஆடாமல் இருக்க ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார் என்று எல்லப்பன் சொன்னான். பழையசீவரம் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியிலேயே குதித்து இறங்கிவிட்டாராம். வேதாசலம் சாயங்காலம்வரை அங்கே ஒரு திண்ணையில் படுத்திருந்து, தெளிந்ததும் பஸ் ஏறி வீடு திரும்பி, மனைவியிடம் வெயில் களைப்பு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் முழுவதும் உத்திரமேரூரில் இரண்டு கதைகள் உலவின. காபி ஹோட்டலில் வேதாசலம்: “மரணத்தை நேருக்கு நேர் பார்த்தேன். சுத்தி ஒரு ஈ காக்கா இல்லை. மன உறுதி ஒண்ணாலதான் எழுந்து வந்தேன்.” வாசகசாலையில் முத்துகிருஷ்ணன்: “போக வர ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கலை சார். அணில்தான் துணை.”

அதற்கடுத்த சந்தைநாளில் எல்லப்பன் விறகு விற்க உத்திரமேரூருக்கு வந்தவன், விசாரித்துக்கொண்டு வேதாசலத்தின் வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, ஐயா பொயச்சாரா?”

கோவிந்தம்மாள் முழுக் கதையையும் கேட்டாள். ஐயா வழியெல்லாம் ‘பாலிசி வேணாம்’ என்று உளறினார் என்று அவன் சொன்னதிலேயே, தண்ணீர் கொடுத்தவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கணவரைக் கேட்டதற்கு, “அந்த ஆள் உளர்றான்” என்ற பதில் வந்தது. ஒரு கூடையில் மாம்பழங்களை அடுக்கிக்கொண்டு நேரே முத்துகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, நீங்க இல்லைன்னா என் தாலி அந்தக் காட்டுலயே போயிருக்கும்.”

வீட்டில் அப்போது வாசகசாலை நண்பர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். முத்துகிருஷ்ணன் அவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நீங்க வேற யாரையோ சொல்றீங்கம்மா. நான் அங்க யாரையும் பார்க்கலையே. நான் தனியாத்தான் இருந்தேன்.”

“அப்ப எங்க வூட்டுக்காரர் வாயில தண்ணி ஊத்துனது யாரு?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

ஓர் உயிரைக் காப்பாற்றியவன் என்ற பெயர் கூடையில் வைத்து வீடு தேடி வந்தது. வேண்டாம், எனக்குத் தனியாகப் போனவன் என்ற பெயரே போதும் என்று திருப்பி அனுப்பினார். கோவிந்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அங்க ஒருத்தரு, இங்க ஒருத்தரு! நல்லா தனியாவே இருங்க ரெண்டு பேரும்” என்று சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், புறப்படத் தயாராக நின்ற விறகு வண்டியில் வைத்தாள். எல்லப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேதாசலம், முத்துகிருஷ்ணன் இருவரும் இப்போது தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சந்தில் திரும்பிக்கொள்கிறார்கள். பாலிசி இன்னும் எடுத்தபாடில்லை.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படிக்கும்போதே, அந்தக் காட்டுச் சாலை எப்படித்தான் இருக்கும், நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தால் என்ன என்று ஒரு மூலையில் தோன்றியிருக்குமே? தாராளமாகப் போங்கள். ஒரே ஒரு நிபந்தனை. போவதை யாரிடமும் சொல்லக்கூடாது. போய் வந்த பிறகும், சாகிற வரைக்கும், ஒருவரிடமும் வாயைத் திறக்கக்கூடாது.

என்ன, போகிற ஆசை குறைகிறதா?