முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரு கால்பக்கமும்

ஒரு பக்கத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் முந்நூறு பக்கத்துக்கு மேல் படித்து முடித்த ஒரே மனிதனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமில்லை, ஏழு மாதம் கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை போய் வந்திருக்கிறேன். இதற்காக எனக்கு யாராவது சால்வை போர்த்தியிருக்க வேண்டும். இதுவரை யாரும் போர்த்தவில்லை.

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அட்டெண்டன்ஸோடு சரி. பஸ்ஸிலும் லைனிலும் கேன்டீனிலும் அவன் பெயர் கால்பக்கம். விளாத்திகுளம் பக்கத்து ஆள். கார் கதவுக்குக் கீல் செய்யும் எங்கள் கம்பெனியில் மூன்றாம் வருட டிரெய்னி. நான் குவாலிட்டியில் பர்மனென்ட், அவனைவிடப் பத்து வயசு மூத்தவன், ஆகவே அவனுக்கு அண்ணாச்சி.

மூன்றாம் வருட டிரெய்னிக்கு ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. பாஸானால் பர்மனென்ட், இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கால்பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். போன தீபாவளிக்கே தான் பர்மனென்ட் ஆகிவிட்டதாக அம்மாவிடம் அளந்து வைத்திருந்தான். அந்த அம்மாள் சந்தோஷத்தில் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். கொடுத்த லட்டை எப்படித் திரும்ப வாங்குவது?

தேர்வுக்குப் பாடம் ஒரே ஒரு பிடிஎஃப். வேலை முறைக் கையேடு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரிண்ட் எடுத்தால் கம்பெனி ரகசியம் வெளியே போய்விடும் என்று ஹெச்.ஆரில் தடை. நூறு பேர் போனுக்கு அனுப்பி வைத்தால் போகாது போலிருக்கிறது. மற்ற டிரெய்னிகள் போனில் படித்தார்கள். ஆனால் கேமரா போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ பிரேக்கில் படிக்க முடியாது. இந்த இடத்தில்தான் நம் ஆள் மூளையைப் பயன்படுத்தினான். இருந்த போனை விற்றுவிட்டு, கேமராவே இல்லாத ஒரு பழைய இ-ரீடரை எங்கேயோ பிடித்து வாங்கி வந்தான். ஆறு இஞ்ச் திரை, கறுப்பு வெள்ளை.

கேட்டில் செக்யூரிட்டி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தட்டினார், காதில் வைத்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“இன்னாபா இது? போட்டோ புடிக்குமா?”

“புடிக்காது அண்ணாச்சி. படிக்க மட்டுந்தான்.”

“பாட்டு வருமா?”

“வராது.”

“அப்ப இன்னாத்துக்கு இத்த தூக்கிகினு அலையிற?” என்று கேட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் ‘எலக்ட்ரிக் சிலேட்டு - 1’ என்று எழுதி உள்ளே விட்டார்.

சிலேட்டு உள்ளே போய்விட்டது. பக்கம்தான் சிலேட்டுக்குள் போக மாட்டேன் என்றது. பெரிய தாளுக்குத் தயாரித்த பக்கத்தை ஆறு இஞ்ச்சில் அடைத்தால் எழுத்தெல்லாம் கொட்டி வைத்த ரவை மாதிரி தெரிந்தது. பெரிதாக்கினால் கால் பக்கம்தான் வரும். முதலில் இடது மேல் மூலை, பிறகு வலது மேல் மூலை, அப்புறம் கீழே இரண்டு. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் திரை ஒரு தடவை கறுத்து, ஒரு தடவை வெளுத்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். பென்னலூரில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் ஸ்ரீபெரும்புதூரில் எழுவாய் கிடைக்கும். வல்லக்கோட்டை தாண்டினால்தான் பயனிலை.

ஸ்பீட் பிரேக்கரில் பஸ் குதித்தால் விரல் தவறிப் பட்டு, சிலேட்டு நேராக முதல் பக்கத்துக்கு ஓடிவிடும். ஏழு மாதத்தில் அந்த முன்னுரையை மட்டும் அவன் நூறு தடவையாவது படித்திருப்பான். கடைசியில் டிரைவரிடம் போய் முறையிட்டான். அவர் நல்ல மனுஷர், மறுநாளிலிருந்து ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் “சிலேட்டு, மேடு வருது, கைய எடு” என்று கத்த ஆரம்பித்தார். அவன் கையை எடுத்தான். தூங்கிக்கொண்டிருந்த முப்பத்தெட்டு பேரும் பதறி எழுந்து, ஒரகடம் வந்துவிட்டது என்று டிபன் பையை எடுத்தார்கள்.

இதற்குள் யாரோ அவனிடம் படுக்கை வாட்டில் வைத்துப் பார் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு உள்ளே ஒரு செட்டிங் மாற்ற வேண்டும். இவன் சிலேட்டை மட்டும் திருப்பினான். எழுத்து படுத்துக்கொண்டது. சரியென்று தலையையும் படுக்கவைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டு படித்தான். பதினைந்து நாள் என் இடது சட்டைத் தோளில் தேங்காயெண்ணெய்க் கறை. பதினாறாம் நாள் கழுத்து சுளுக்கிக்கொண்டு வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நானே தைலம் தேய்த்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான். ஓரத்து வெள்ளையை வெட்டும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டானாம். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு எழுத்து பெரிதாகும். மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம், கீழே நன்றாக ஒரு வெட்டு. கீழே வெறும் சாம்பல் பட்டையும் பக்க எண்ணும்தானே என்றான். அதன் பிறகு புயல் வேகம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே புத்தகத்தை முடித்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், சும்மா ஒரு கேள்வி கேட்டேன். டிரில்லிங் மெஷினில் செய்யக்கூடாதவை ஒரு மூன்று சொல் என்றேன்.

அவன் சிரித்தான். “இந்தக் கம்பெனியில செய்யக்கூடாததுன்னு ஒண்ணுமே கெடையாது அண்ணாச்சி. முந்நூத்திப் பன்னெண்டு பக்கமும் படிச்சிட்டுத்தான் சொல்லுதேன்.”

என் போனில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில், பக்க எண்ணுக்கு மேலே, ஒரு சிவப்புப் பெட்டி. அதன் தலைப்பே ‘செய்யாதீர்கள்’. கறுப்பு வெள்ளைச் சிலேட்டில் அது மங்கலான சாம்பல் பட்டையாகத்தான் தெரிந்திருக்கிறது. எழுத்து பெரிதாக வேண்டும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் வெட்டித் தள்ளிவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். தேர்வில் பாதி மார்க்கு அந்தப் பெட்டிகளுக்குத்தான்.

கால்பக்கம் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “அம்மைட்ட என்ன சொல்லுவேன்?” என்றான், மெதுவாக. அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

வெட்டியதை எடுத்துவிட்டு மறுபடி கால் கால் பக்கமாகப் படித்தால் அடுத்த பொங்கல் வந்துவிடும். முன் சீட்டிலிருந்த பிரஸ் ஷாப் ஆபரேட்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று எழுந்து பின்னால் திரும்பினார். “டேய், எல்லாரும் போன எடுங்கடா. ஆளுக்கு எட்டு பக்கம். செவப்பு டப்பாவ மட்டும் படிங்க” என்றார்.

டிரைவர் பாட்டை நிறுத்தினார். வரிசையாகப் படித்தார்கள். கையுறையோடு டிரில்லிங் மெஷினைத் தொடாதே. காற்றுக் குழாயால் உடம்பைத் தூசி தட்டாதே. பாதுகாப்புக் கதவைக் கயிறு போட்டுக் கட்டாதே. கதவைப் படித்த வெல்டிங் ஆபரேட்டர் பாதியில் நின்று, “ஐயோ, கட்டக்கூடாதா?” என்று பக்கத்து ஆளைக் கேட்டார். பத்து வருடமாகக் கட்டி வைத்திருப்பவர் அவர். ஆளாளுக்குத் தான் தினமும் செய்வதைச் செய்யாதே என்று உரக்கப் படித்துவிட்டு, அசடு வழிய உட்கார்ந்தார்கள். கால்பக்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பென்னலூர் வந்தபோது இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. டிரைவர் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சோர்ந்து வந்தவர்கள், வீட்டில் குழந்தை காத்திருப்பவர்கள், ஒருத்தர்கூட இறங்கவில்லை. ஏழு மாதமாக அவனைக் கரித்துக்கொட்டிய அதே கூட்டம்தான். கடைசிப் பெட்டி முடிந்ததும் டிரைவர் தன் பங்குக்கு, “ஓடற பஸ்லேர்ந்து எறங்காதன்னு போட்டுக்கீதா? போடலன்னா நீ சேத்துக்க” என்றார்.

நிஜமாகவே சேர்த்து எழுதிவிட்டான். கீல் செய்வதில் பஸ் எங்கே வந்தது, இது எந்தப் பக்கம் என்று தேர்வாளர் கூப்பிட்டு விசாரித்தாராம். மற்றபடி ஒரு பெட்டியையும் அவன் விடவில்லை. ஒவ்வொன்றும் படித்தவரின் குரலிலேயே காதில் கேட்டது என்றான். பாஸாகிவிட்டான். லட்டுக்கு நியாயம் கிடைத்தது.

பர்மனென்ட் ஆனதும் மறைமலை நகரில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டில் போட்டார்கள். தங்கும் அறையும் அங்கேயே. பஸ்ஸும் வேறு.

அடுத்த திங்கட்கிழமை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் ஏறினேன். தூக்கம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்து சீட்டைக் காட்டி, “இங்க யாராச்சும் வராங்களாண்ணே?” என்று கேட்டார்.

“ஆள் வருது” என்றேன். வியாழக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.