வயிறு கட்டிய குதிரையும் வாலாட்டிய வண்டியும்

"டிரெய்லர் வாலாட்டுது," என்றாள் நோரீன்.

"காத்து," என்றான் அவள் புருஷன் லீலண்ட்.

அமெரிக்காவில் ஓயாமல் காற்றடிக்கும் வயோமிங்கில் காற்றின் மேல் பழியைப் போட்டால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் அன்று காலை சாலையோரத்தில் ஒரு புல் கூட அசையவில்லை. அசைந்தது அவர்களுடைய பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு மாட்டியிருந்த குதிரை டிரெய்லர் மட்டும்தான். அது இடப்பக்கம் ஒரு எட்டு, வலப்பக்கம் ஒரு எட்டு என்று கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஆடும் பெரியப்பாவைப் போல வந்துகொண்டிருந்தது.

உள்ளே மேபெல் நின்றிருந்தது. நோரீன் குட்டியிலிருந்து வளர்த்த பெண்குதிரை. முந்தைய நாளிலிருந்து அதற்கு வயிறு கட்டிவிட்டது. சாணம் போடவில்லை, தீனியைத் தொடவில்லை, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு குளம்பால் தரையைப் பிறாண்டியது. ஷெரிடன் ஊரில் இருந்த குதிரை மருத்துவர், "உடனே கொண்டு வாங்க. வயித்தைத் திறக்க வேண்டி வரலாம். பொழைக்கும்னு இப்பவே சொல்ல முடியாது," என்று சொல்லியிருந்தாள்.

வழக்கமாக டிரெய்லரை இழுப்பது நோரீன்தான். அவளுடைய வலது கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தம்பி குர்ட்டுக்குக் கால்நடை ஏற்றி ஓட்டுவதுதான் பிழைப்பு. வருகிறேன் என்று அவனாகவே சொன்னான். லீலண்ட் வேண்டாம் என்றுவிட்டான். முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிற கைக்கு ஒரு குதிரையை இழுக்க மச்சான் துணை எதற்கு என்பது அவன் கட்சி.

இப்போது அவன் வண்டியை ஓரம் கட்டினான். நோரீன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மச்சான், டிரெய்லர்ல குதிரை தவிர வேற என்ன இருக்கு?" என்று கேட்டான் குர்ட்.

"ஒண்ணுமில்ல. மாடு நக்குறதுக்கு வாங்கின உப்புக்கட்டி கொஞ்சம்."

"எங்க?"

"கடைசியில, கதவுகிட்ட."

போனில் குர்ட் சொன்னான்: "பின்னால பாரம் ஏறினா வாலாட்டத்தான் செய்யும், மச்சான். அதை அங்கேயே இறக்கிப் போட்டுட்டு மெதுவா போ. இல்லேன்னா அப்படியே நில்லு, நான் வர்றேன்."

"நீ ஒண்ணும் வர வேணாம்," என்றான் லீலண்ட்.

உப்பை ரோட்டோரத்தில் விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. கல்லாய்க் கனத்த கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி பிக்கப்பின் பின்தட்டில் அடுக்கினான். உள்ளே தள்ளி வைக்க இடுப்பு வளையவில்லை. எட்டிய இடத்தில், கடைசி ஓரத்திலேயே வைத்தான்.

பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மூக்கு வானத்தைப் பார்த்தது. மறுபடி கிளம்பியபோது முன்சக்கரம் இரண்டும் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் உருண்டன. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

"வாலாட்டல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு பாத்தியா?" என்றான் லீலண்ட்.

"ஆமா. இப்ப தலை ஆடுது," என்றாள் நோரீன்.

பின்னால் மேபெல் ஓர் உதை விட்டது. தகரம் அதிர்ந்தது.

"குலுங்குது போல, பாவம்," என்றான். அதற்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. மறுபடி நிறுத்தி, டிரெய்லர் டயர்களிலிருந்து காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கிவிட்டான். மெத்தையில் நிற்கிற மாதிரி இருக்குமாம் குதிரைக்கு.

மெத்தையில்தான் இருந்தது. ஆனால் அந்த மெத்தையில் யாரோ ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைவு முடிந்த பிறகும் நிமிர மனமில்லாமல் கிடந்தது.

"நிறுத்து, லீலண்ட். குர்ட்டைக் கூப்பிடுறேன்."

"இது பிரேக் பிரச்சனை," என்றான் அவன். ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரெய்லரின் பிரேக்குக்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஒரு திருகு. நோரீன் ஓட்டிப் பார்த்து அளவாக வைத்திருந்தாள். லீலண்ட் அதைக் கடைசி வரைக்கும் திருகினான். "இப்ப பாரு, டிரெய்லர் நம்ம சொன்ன பேச்சு கேக்கும்."

கேட்டது. அடுத்த இறக்கத்தில் அவன் பிரேக்கை லேசாகத் தொட்டதும், டிரெய்லர் பூமியில் முளையடித்த மாதிரி நின்றது. பிக்கப்பையும் தன்னோடு நிறுத்திக்கொண்டது. நோரீனின் நெற்றி கண்ணாடிக்கு அரை அடி தள்ளி நின்றது. பின்னால் தடதடவென்று ஒரு சத்தம்.

"அது என் குதிரை," என்றாள் நோரீன் அமைதியாக. "முட்டை மூட்டை இல்ல. முட்டைன்னாலும் இப்படியா ஓட்டுவே?"

திருகைப் பழையபடி வைக்கப் பார்த்தான். எது பழைய இடம் என்று இருவருக்குமே தெரியவில்லை. அதற்குள் பின்னால் லாரி, கார், ஒரு பள்ளிப் பேருந்து என்று வரிசை சேர்ந்துவிட்டது. எல்லோரும் ஹாரனை வைத்து அவனைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சொன்னார்கள்.

மானம் போவதைத் தாங்காமல் லீலண்ட் பக்கத்தில் பிரிந்த ஒரு சரளைக்கல் சாலையில் வண்டியைத் திருப்பினான். "குறுக்கு வழி. கூட்டம் இருக்காது."

கூட்டம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. வழி நெடுக ரோடு துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகக் கிடந்தது. மாடு தாண்டாமல் இருக்க ஆங்காங்கே ரோட்டின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருந்தார்கள். வண்டி ஒவ்வொன்றின் மேலும் ஏறும்போது லீலண்டின் பல்லும், நோரீனின் கட்டுப்போட்ட கையும், பின்தட்டில் உப்பும், டிரெய்லரில் மேபெலும் ஒரே தாளத்தில் குதித்தார்கள். மேபெல் கனைத்தது, உதைத்தது, மறுபடி கனைத்தது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

ஒரு குழாய் வந்தது, தாண்டினார்கள். இன்னொன்று வந்தது. பின்னால் ஓர் அசைவும் இல்லை.

"உதைக்கவே மாட்டேங்குது," என்றாள் நோரீன். குரல் மாறிவிட்டிருந்தது.

"நிறுத்திப் பாக்கவா?"

"வேணாம். நான் பாக்க மாட்டேன். டாக்டரே திறக்கட்டும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

லீலண்ட் வேகத்தைக் குறைத்தான். வெகுதூரம் போனபின், "குர்ட்டைக் கூப்பிட்டிருக்கணும்," என்றான். கல்யாணமான நாள் முதல் அவன் வாயிலிருந்து வராத வாக்கியம். நோரீன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் நிலைமையில் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஸ்வென்சன் கையுறை மாட்டித் தயாராக நின்றிருந்தாள். அறுவை மேசைகூடத் தயார். பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட உதவியாளர் பெர்னிஸ். லீலண்ட் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நோரீன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

டாக்டர் டிரெய்லரின் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் இரண்டு எட்டு பின்னால் வந்தாள்.

முதலில் வந்தது நாற்றம். அப்புறம் தெரிந்தது சாணம். தரையில், சுவரில், கதவில், லீலண்ட் போன மாதம் கழுவிவிட்ட ஜன்னலில். அந்த மலைக்கு நடுவே மேபெல் காதை நிமிர்த்திக்கொண்டு, திங்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்கிற பார்வையோடு நின்றிருந்தது.

"நோரீன்," என்று கத்தினான் லீலண்ட். "வந்து பாரு."

டாக்டர் உள்ளே ஏறி, மேபெலின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இந்தப் பக்கம் கேட்டாள், அந்தப் பக்கம் கேட்டாள். நோரீன் ஒற்றைக் கையால் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அடைப்பு விட்டுருச்சு, குடல் நல்லா ஓடுது. கத்தி வேணாம்," என்றாள் டாக்டர். பிறகு லீலண்டைப் பார்த்தாள். "எந்த வழியா வந்தீங்க?"

லீலண்ட் ஒளிக்காமல் சொன்னான். உப்பு, டயர், திருகு, சரளை ரோடு, இரும்புக் குழாய். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் சிவந்தது.

"நீங்க ரெண்டு பேரும் உயிரோட வந்ததே அதிசயம்," என்றாள். "கொக்கி கழண்டிருந்தா? டயர் வெடிச்சிருந்தா? இனிமே டிரெய்லர் மாட்டின வண்டிச் சாவியைத் தொடாதீங்க. போறப்போ உங்க மச்சானை வரச் சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, டாக்டர்," என்றான் லீலண்ட் தொப்பியைப் பார்த்துக்கொண்டே.

பெர்னிஸ் சாணத்தையும் பிக்கப்பையும் லீலண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டாக்டரின் பக்கம் நகர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"டாக்டர், உள்ள இன்னும் ரெண்டு குதிரை நேத்திலேர்ந்து வயிறு கட்டிப் படுத்திருக்கு. மச்சானுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அதுங்களை ஏத்தி, இவரையே அந்தச் சரளை ரோட்டுல இன்னொரு நடை போய்ட்டு வரச் சொல்லுங்களேன்."