சந்தன சோப்பில் குளித்த மின்னூல்கள்

அழுக்கானவர்களால் உலகத்துக்கு வரும் சேதத்தைத் துடைத்துவிடலாம். சுத்தக்காரர்களால் வரும் சேதத்தை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டாவது ரகம். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் சட்டைக் காலர் கறுத்திருந்தால்கூட, இறங்குகிற வரைக்கும் மனசுக்குள் அதற்கு சோப்புப் போட்டுக்கொண்டே வருவேன். இந்த உயர்ந்த குணம் இருபத்து மூன்று வயதில் என்னை ஒரு துணைவேந்தருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய கதை இது.

தொண்ணூறுகளின் பின்பாதி. மைசூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். நூலகர் நஞ்சுண்டய்யா சார் நேர்முகத் தேர்வில் கேட்டது ஒரே கேள்வி. "கம்ப்யூட்டர் பர்த்தா?" வருமா என்று கேட்கிறார். "பர்த்தே சார்" என்றேன். (பார்த்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில். அப்பா வேலை பார்த்த ரயில்வே தொழிற்சாலை ஆபீசில் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்திருந்தேன்.)

அந்தப் பதிலை நம்பித்தான், பெங்களூரிலிருந்து எலக்ட்ரானிக் புத்தகங்கள் வந்து இறங்கியபோது அவற்றை என் தலையில் கட்டினார். இப்போது போல விரலால் தள்ளிப் படிக்கிற புத்தகம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு வெள்ளித் தட்டு. அதுதான் புத்தகம். நான் அதுவரை பார்த்த புத்தகங்களுக்கு முதுகு இருந்தது, வாசனை இருந்தது, பூச்சி இருந்தது. இவற்றில் முகம் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் என் முகம்.

ஆனால் என்ன ரகம், எத்தனை ரகம்! ஒரு தட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். ஒன்றில் சமஸ்கிருத அகராதி. ஒன்றில் மனித உடல், தோலை உரித்து, சதையை உரித்து, எலும்பு வரைக்கும் காட்டும். ஒன்றில் மூலக்கூறுகள் ஜவ்வரிசி வடாம் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். பொருளாதாரம், ஐரோப்பியச் சிற்பங்கள், கணிதம், பறவைகள், நிலநடுக்கம். ஒரு மாடி நூலகத்தையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு ஒரே பெருமை. வீட்டில் அம்மாவிடம், "ஒரு தட்டுல நானூறு புஸ்தகம்மா" என்று அளந்தேன். அம்மா, "அதுல தோசை ஊத்த முடியுமா? சும்மா பேசாத, பேகா சாப்பிட்டுப் படு" என்றாள். (பேகா என்றால் சீக்கிரம்.)

துணைவேந்தர் வந்து இந்தப் பிரிவைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. நஞ்சுண்டய்யா சார் என்னைக் கூப்பிட்டு, "விழா நன்றாக நடந்தால் உன் வேலை நீட்டிப்புக்கு நானே எழுதுகிறேன். நடக்காவிட்டால்..." என்று நிறுத்தி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பஸ் ஸ்டாப் தெரிந்தது.

பெட்டிகளுக்கெல்லாம் எண் எழுதிய சீட்டை நான்தான் மைதாப் பசையால் ஒட்டினேன். அதே கையோடு உள்ளே தட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டேன். விழா நாள் காலையில் பெட்டிகளைத் திறந்தால், தட்டு தட்டாக என் விரல் ரேகை. அதன் மேல் வரிசையாக எறும்பு. நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒரு கூட்டம், சமஸ்கிருத அகராதியில் இன்னொரு கூட்டம்.

வேறு யாராக இருந்தாலும் மெல்லிய துணியால் துடைத்து வைத்திருப்பார்கள். நான் கைகழுவும் இடத்தில் இருந்த சந்தன சோப்பை எடுத்தேன். இரண்டு பக்கமும் நுரை வரத் தேய்த்து, குழாயடியில் அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டேன். தட்டுக்கு நடுவில் ஓட்டை இருந்தது ரொம்ப வசதி. நைலான் கயிற்றில் எல்லாவற்றையும் மாலை மாதிரி கோத்துக் கட்டிவிட்டேன். வெயிலில் அவை ஆடிய அழகைச் சொல்லி முடியாது. (எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு பேராசிரியர் ஆள் அனுப்பி, எந்தப் பையன் கண்ணாடி காட்டி வகுப்பைக் கெடுக்கிறான் என்று கேட்டார். விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.)

காய்ந்ததும் கழற்றினேன். அப்போதுதான் உறைத்தது. தலைப்பெல்லாம் இருந்தது பெட்டியின் மேல். பெரும்பாலான தட்டுகளில் கம்பெனி முத்திரையும் என் சீட்டுகளோடு பொருந்தாத ஏதோ ஒரு எண்ணும்தான். எந்தத் தட்டு எந்தப் பெட்டி? கீழே விருந்தினர் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. என் ஞாபகசக்தி மேல் எனக்கு அந்த வயதில் இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் இருந்ததில்லை. மடமடவென்று எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினேன்.

செருப்பையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, ஏசி அறைக்குள் பேராசிரியர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. மூலையில், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து துணைக்கு அனுப்பியிருந்த இன்ஜினியர், டை கட்டிக்கொண்டு நின்றார். பெயர் மாதேஷ், தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகால்காரர். நஞ்சுண்டய்யா சார் கையில் கத்தையாகப் பேச்சு, தோளில் துணைவேந்தருக்குப் போர்த்த வேண்டிய ஜரிகைச் சால்வை. பேச்சு அப்புறம், முதலில் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். அவர் பொருளாதாரப் பேராசிரியர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எகனாமிக்ஸ் ஹாக்கம்மா, நோடோணா" என்றார். போடு, பார்க்கலாம் என்கிறார்.

பொருளாதாரப் பெட்டியைத் திறந்து தட்டைப் போட்டேன். போட்டதும் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்திருந்தேன். "லப் டப், லப் டப்" என்று அறை அதிர, திரையில் ஒரு சிவப்பு இதயம் துடித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "முன்னுரை சார்" என்றேன்.

பொருளாதாரப் பெட்டியில் மனித உடல் இருந்தால், மனித உடல் பெட்டியில் பொருளாதாரம் இருக்க வேண்டும் அல்லவா? என் அறிவு அப்படித்தான் வேலை செய்தது. அந்தத் தட்டைப் போட்டேன். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் பெரிய படம் ஒரேயடியாக வராது. கடை ஷட்டரை இறக்குவதுபோல மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் சுருட்டை முடி. பிறகு ஒரு பளிங்கு முகம். ஐரோப்பியச் சிற்பம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தோள் வந்தது. மார்பு வந்தது. சட்டை வரவில்லை. வயிறு வந்தது. வேட்டி வருகிற அறிகுறியே இல்லை.

"நில்லிஸம்மா!" என்று அலறினார் நஞ்சுண்டய்யா சார். எப்படி நிறுத்துவது என்று தெரிந்தால்தானே? நான் விசைப்பலகையில் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அடித்தேன். படம் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு தெரிந்த கணத்தில், அறுபதை நெருங்கிய அந்த மனிதர் ஒரே தாவாகத் தாவி, துணைவேந்தருக்கு வாங்கிய சால்வையைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திவிட்டார்.

அறையில் யாரோ கைதட்டினார்கள், மரியாதை செய்கிறார் என்று நினைத்து.

சால்வைக்கு அடியில் கையை விட்டு அந்தத் தட்டை உருவி, பெட்டி எது என்றே பார்க்காமல் இன்னொன்றைச் செருகினேன். சால்வையை எடுத்ததும், காட்டுப் பூனை கத்துவது போல ஸ்பீக்கரிலிருந்து ஒரு கூச்சல். திரையில் நான்கு பறவைகள். ஒரு வெள்ளைக்காரியின் குரல் குழைந்து குழைந்து, நான் யார் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டது. வெளியே எடுக்கப் பட்டனை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அந்தக் கூச்சல்.

பின்னாலிருந்து மாதேஷ் மெதுவாக, "ஏனுங்க, சவுண்ட கொஞ்சம் கொறைக்கட்டுங்களா?" என்றார்.

"தொடாதீங்க! எனக்குத் தெரியும்" என்றேன். பஸ் ஸ்டாப் கண்ணுக்குள் தெரிந்தது.

அப்போது துணைவேந்தர் முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஆந்தை" என்று தீர்ப்புச் சொல்லி, சுட்டியை என் கையிலிருந்து வாங்கி ஆந்தையின் மேல் அழுத்தினார்.

"சாரி! ட்ரை அகெய்ன்!" என்றது குரல்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் அப்படிச் சொன்ன ஜீவன் அதுவரை கிடையாது. அவர் முகம் சிவந்தது. கொக்கின் மேல் அழுத்தினார். "சாரி! ட்ரை அகெய்ன்!" நஞ்சுண்டய்யா சார் கண்ணை மூடிக்கொண்டு நஞ்சுண்டேஸ்வரனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

விலங்கியல் பேராசிரியை சாரதாம்மா பொறுக்க முடியாமல், "சார், நவிலு, நவிலு!" என்றார்.

"யாரும் ஹேள பேடி!" என்று திரும்பாமலே கையைக் காட்டினார் துணைவேந்தர். யாரும் சொல்லக்கூடாதாம். ஆனாலும் போய் மயிலின் மேல்தான் அழுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து படபடவென்று கைதட்டல். கூட இருந்த பேராசிரியர்களும் தட்டினார்கள். துணைவேந்தர் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல் என்பது அன்றைக்குத்தான் பல்கலைக்கழகத்துக்கே தெரிந்தது.

அப்புறம் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பறவை, அதற்கடுத்த பறவை. சட்டத்துறைத் தலைவர் வாத்து என்று வாதாடினார். சமஸ்கிருதப் பேராசிரியர் அதை அன்னம் என்றார். வாத்துதான். "நன்ன டர்ன், நன்ன டர்ன்" என்று, தன் முறைக்காக நரைத்த தலைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஹாலில் உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரிபாத்தும் ஆறிக்கொண்டிருந்தன. நஞ்சுண்டய்யா சாரின் பேச்சு கத்தையாகவே அவர் கையில் இருந்தது.

புறப்படும்போது துணைவேந்தர் மேஜைமேல் கிடந்த ஒரு தட்டை எடுத்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார். "எலக்ட்ரானிக் புத்தகம் இவ்வளவு வாசனையாக இருக்குமா?" என்றார்.

நஞ்சுண்டய்யா சார் நிமிர்ந்து நின்று, "ஃபாரின் ஐட்டம் சார்" என்றார்.

கார் போனதும் என் பக்கம் திரும்பினார். அவருக்கும் மூக்கு இருந்தது. "ஏனம்மா, புஸ்தகக்கே ஸ்நான மாடிஸ்தியா?" குளிப்பாட்டினாயா என்கிறார். தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தவர், இடுப்பு வரை இறங்கிய அந்தப் படம் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மிச்சமிருந்த கேசரிபாத்தை எனக்கும் ஒரு தட்டில் வைத்தார்.

வேலை நீட்டிப்பு வந்தது. கூடவே, எல்லாத் தட்டுகளையும் போட்டுப் பார்த்து அதனதன் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. உதவிக்கு மாதேஷ். சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவோம். மூலக்கூறு சுற்றும், நிலம் நடுங்கும், நீதிபதிகள் வருவார்கள். "ஏனுங்க, இதென்னங்க பொஸ்தகம்?" என்று அவர் கேட்பார், நான் விளக்குவேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலையை நாங்கள் ஆயுத பூஜை வரைக்கும் இழுத்தோம். நஞ்சுண்டய்யா சார் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எங்கள் கல்யாணத்துக்கு வந்து, அந்தச் சால்வையைத்தான் மாதேஷுக்குப் போர்த்தினார்.

போன மாதம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வாங்கப் போனோம். கடைக்காரப் பையன் பருத்திக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று, கம்பளிக்கு ஒன்று என்று பட்டன்களைக் காட்டிக்கொண்டே வந்தான். என் கணவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

"ஏந்தம்பி, பொஸ்தகம் தொவைக்கறதுக்கு எந்த பட்டனுங்க?"

பையன் குழம்பிப்போய் மேனேஜரைக் கூப்பிடப் போனான். என் மகள் கடைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் மட்டும் அந்த மெஷினின் கண்ணாடி மூடியில் இருந்த ஒரு விரல் ரேகையை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றேன்.