கடைசி அறை பல்புக்கு அரைப்பேர்

றக்வான
ஜூன், 2003

அன்புள்ள மகன் தனுஜனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் முதலில் சுகமாகு, பிறகு இதைப் படி.

ஒரு வீட்டுக்கு மூளை வைத்துவிட்டால், அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மூளைகளை என்ன செய்வது? பேராதனையில் பௌதிகம் படித்து, இத்தனை வருடமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. நீ எஞ்சினியர். வினையைத் தொடக்கியதும் நீதான். பொங்கலுக்கு வந்தவன் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். "சித்தப்பா, இனிமே வீடே யோசிக்கும், பன்னிரண்டு வோல்ட் பெட்டரி போதும், வெளியாள் யாரும் நம்மள கட்டுப்படுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். ஆயுள் முழுவதும் தேயிலைத் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற மனிதரிடம் "கட்டுப்படுத்த" என்ற சொல்லைச் சொல்லலாமா?

நிலைமை இதுதான். புது வீட்டுக்குக் கூரை போட்டுக் குடிவந்துவிட்டோம். சுவர்கள் இன்னும் பூசவில்லை. எங்கள் பாதைக்குக் கரண்டு வருகிறது. தூணுக்கு இடம் குறிக்க நாளைக்கு வருகிறார்கள், அடுத்த வாரம் நடுவார்கள். உன் சித்தப்பா தங்கையா தூண் வேண்டாம் என்கிறார். "கொழும்புல ஒருத்தன் சுவிட்ச அமத்தினா றக்வானயில நான் ஏன் இருட்டுல சோறு திங்கணும்?" என்று கேட்கிறார். கூரையில் சோலர் தகடு, கீழே பெட்டரி, நடுவில் அவர். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கடைசி அறையில் என் மேசைக்கு மேலே, விடைத்தாளில் பிள்ளை எழுதியது ஆறா எட்டா என்று தெரியுமளவுக்கு வெளிச்சம்.

வீட்டின் மூளையை அவர் பழைய வேனிலிருந்து கழற்றிய ரிலே சுவிட்சுகளால் செய்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். வீட்டு வேலைக்கு உதவ வரும் கருப்பாயி, அவரிடமே கொழுந்தெடுத்தவள், எட்டிப் பார்த்து, "மூளைய பிஸ்கட் டின்னுலயா வச்சிருக்கீங்க ஐயா? எறும்பு வந்துராதா?" என்றாள். வந்தது. வாசல் மிதியடிக்குக் கீழே ஒரு சுவிட்ச், ஆள் மிதித்தால் விளக்கு எரிந்து மணி அடிக்க வேண்டும், மிதித்தது எங்கள் நாய் வீரன், மிதித்ததோடு நிற்காமல் படுத்துக்கொண்டது, மணி அடித்துக்கொண்டே இருந்தது, சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு விருந்தாளியை வரவேற்கப் போவதும் வீரன் வாலாட்டுவதுமாக இருந்தபோது எறும்புகள் டின்னுக்குள் என்ன செய்தனவோ, மிதியடியை மிதித்தால் தண்ணீர் மோட்டர் ஓட ஆரம்பித்தது, தாங்கி நிரம்பி வழிந்து, மேசன் சோமபால பாஸ் குழைத்து வைத்திருந்த சீமெந்தையும் கூட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியது. நாயை எழுப்பினால் மோட்டர் நின்றுவிடும் என்று நான் சொன்னேன். "நாய கையால எழுப்புறதுன்னா அப்புறம் என்ன ஓட்டோமெற்றிக்?" என்று கேட்டார்.

பாஸ் பாவம், தினமும் என்னிடம் வந்து ஒரே கேள்விதான்: "நோனா, பித்திய கபனவாத, வஹனவாத?" கம்பி போட சுவரை வெட்டுவதா, பூசி மூடுவதா. இரண்டும் தெரியாமல் நான் டீ ஊற்றிக் கொடுக்கிறேன்.

இதற்கு மேல் பெரட்டு வேறு. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுப் பழகியவர் இப்போது மாலையில் பல்புகளைக் கூப்பிடுகிறார். "முன்வாசல்!" எரிகிறது. "குசினி!" எரிகிறது. "கடைசி அறை!" என் மேசைக்கு மேலே ஏதோ சிவக்கிறது, வெளிச்சம் என்று சொல்ல மனம் வரவில்லை. கருப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, கொழுந்து கொஞ்சம் கொறஞ்சதுக்கு எனக்கு அரைநாள் சம்பளம், அரைப்பேருன்னு போட்டீங்களே, இந்த பல்புக்கு என்ன பேரு?" அவர் யோசித்தார். நேர்மையான மனிதர்தானே. "அரைப்பேரு" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். குறைந்த வோல்ட்டில் நேரோட்டம் நீளமான மெல்லிய கம்பியில் போனால் வழியிலேயே களைத்துவிடும். அவர் வாயை அடைப்பதற்காக மட்டும் கணக்குப் போட்டேன்: இரண்டு பெட்டரியைத் தொடராக இணைத்து இருபத்துநாலு வோல்ட் ஆக்கினால் அதே கம்பியில் இழப்பு காற்பங்குதான். லொறியில் அப்படித்தான் ஓடுகிறது. பெல்மதுளைச் சந்தியில் லொறி பல்பு விற்கிறார்கள்; பள்ளிக்கூட வேலையாகப் போனபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அதில் ஒன்று இப்போது என் கைப்பையில் இருப்பதும் அவ்வளவுதான். மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

ஆகவே கடிதம் கிடைத்ததும், எங்கள் பாதையில் போன் இருக்கும் நிலாம் கடைக்குப் போன் எடுத்து, சித்தப்பாவைக் கூப்பிடச் சொல்லி, தூண் வேண்டும் என்று கட்டாயமாகச் சொல். நீ சொன்னால் கேட்பார். நான் சொன்னால், "டீச்சருக்குப் புத்தகம்தான் தெரியும்" என்பார்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். உனக்கு எல்லா நலமும் முழுப்பேராகவே விழட்டும்.

இப்படிக்கு,
சித்தி புஷ்பவதி

பி.கு.: மறுநாள் மாலை. தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

காலையில் இடம் குறிக்க இருவர் வந்தார்கள். வேறொரு வீட்டில் பூட்டுவதற்கென்று ஒரு மீட்டர் அவர்கள் கையில் இருந்தது. சித்தப்பா அதன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"எவ்வளவு பாவிக்கிறீங்கன்னு எண்ணிக்கிட்டே இருக்கும் ஐயா."

"ராப்பகலாவா?"

"ராப்பகலா."

"லீவு கேக்காம?"

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. கேட்டுக்கு ஓடிப்போய்த் தரையைக் காலால் தட்டி, "இங்கதான், இங்கதான் நடணும்" என்றார்.

அதே நேரம் நான் கடைசி அறையில் ஸ்டூலில் ஏறி நின்றேன். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நிலாமிடம் இரவல் வாங்கிய இரண்டாவது பெட்டரியை இணைத்து, லொறி பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மேசையில் ஆறு ஆறாகவும் எட்டு எட்டாகவும் தெரிந்தன. நான் கைதட்டிச் சிரித்ததாகக் கருப்பாயி சொல்கிறாள், நான் நம்பவில்லை. "தூண் வேண்டாம்!" என்று ஜன்னலால் கத்தியது மட்டும் நான்தான்.

ஆகவே போன் எடு. ஆனால் தூண் வேண்டவே வேண்டாம் என்று சொல்.

அந்த நேரம் பார்த்து சோமபால பாஸ் தன் கேள்வியோடு வந்தார். நானும் சித்தப்பாவும் ஒரே குரலில் "கபன்ன!" என்றோம், ஆளுக்கொரு சுவரைக் காட்டி. அவர் இரண்டையும் வெட்டிவிட்டார். மாலைப் பெரட்டைக் கருப்பாயி எடுத்தாள்.

"கடைசி அறை பல்பு, முழுப்பேரு! டீச்சரம்மா, முழுப்பேரு! வீரன், முழுப்பேரு! ஐயா?"

ஐயா மீட்டர்காரர்களோடு பேசிக்கொண்டே அடுத்த வளைவுவரை போனவர் இன்னும் திரும்பவில்லை.

"ஐயாவுக்கு அரைப்பேரு."