வடகரையை வீழ்த்த அத்தான் போட்ட திட்டம்

சீட்டாட்டத்தில் திட்டம் போட்டு ஜெயிக்கலாம் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயது ஐம்பதைத் தொடப்போகிறது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கோபமே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டருக்கு என் அத்தானைத் தெரியாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பட்டுக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். உரம் வாங்க வந்தவனுக்கு ஜாதகம் பார்த்துச் சொல்லி அனுப்புகிற ரகம்.

அந்தப் பொங்கலுக்கு நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாக வேலை. ஏ.சி.யிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. (அதைப் பெருமை என்று வேறு நினைத்தேன், மடையன்.) எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். நடுவே ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் வடகரை, இந்தப் பக்கம் தென்கரை. நாங்கள் தென்கரை. சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது, அறுக்க ஆளில்லை. பாதிப் பேர் திருப்பூருக்கும் மீதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்றும் கிளம்பிப் போயிருந்தார்கள். கடைசியில் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அறுப்பு மிஷின் வந்து சேர்ந்தது. அதே நாளில் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது.

மிஷின் டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார். “ஒரு கரையை முடிச்சிட்டுத்தாங்க அடுத்த கரை. சும்மா சும்மா வாய்க்காலத் தாண்ட முடியாது. யாருது முதல்னு நீங்களே பேசிக்குங்க.”

முதலில் அறுக்கிற கரைக்கு நெல் வீடு வந்து சேரும். அடுத்த கரை மழையில் மாட்டும். அப்பாவுக்கு அந்த ஒரு போகம்தான் வருஷத்துச் சோறு.

இந்த மாதிரி வழக்கையெல்லாம் எங்கள் ஊரில் சீட்டாடித்தான் தீர்ப்பார்கள். முன்பு திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்தார்களாம். ஒரு தடவை பிரித்தால் எல்லாச் சீட்டிலும் வடகரை என்றே எழுதியிருந்ததாம். அதிலிருந்து முந்நூற்றுநாலு ஆட்டம்தான். கரைக்கு இரண்டு பேர், ஒரே ஆட்டம். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. மொத்தம் உள்ள முந்நூற்றுநாலு புள்ளியில் எத்தனை எடுப்பேன் என்று அதிகமாகக் கேட்பவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். கேட்டதை எடுக்கவில்லையென்றால் தோற்றார்.

தென்கரையில் நன்றாக ஆடுகிறவனெல்லாம் விமானம் ஏறிவிட்டான். பொங்கல் விருந்துக்கு வந்த அத்தான் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

“மாமா, நீங்க கவலையே படாதீங்க. நானும் மாப்ளையும் உக்காருறோம். வடகரையை மடக்க எங்கிட்ட திட்டம் இருக்கு” என்றார் அப்பாவிடம்.

திட்டம் இதுதான். வடகரைக்கு ஆடுபவர் ரைஸ்மில் நடராஜன், கூட அவர் தம்பி. அண்ணன் கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றிக் கேட்பார். தம்பி பெரிய சீட்டைக் கடைசிவரை பொத்திக்கொண்டே இருப்பார். “அண்ணனைக் கேக்க விடு மாப்ள. நாம வாயே திறக்கக் கூடாது. தானா ஏறிப் போய் விழுவான்.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டாரா? ஜாடை வேறு சொல்லிக் கொடுத்தார். கழுத்தைச் சொறிந்தால் கையில் ஒன்றுமில்லை. காதைச் சொறிந்தால் ஜாக்கி. மூக்கைச் சொறிந்தால் ஒன்பது. (ஊரில் இதற்குத் திருட்டாட்டம் என்று பெயர். அத்தான் ‘தகவல் தொடர்பு’ என்றார். வடகரைக்காரர்கள் மட்டும் யோக்கியமா, இருமி இருமியே பேசிக்கொள்வார்கள்.)

ஆட்டத்தன்று காலையிலிருந்து நான் வயலில் இருந்தேன். மிஷின் திரும்புவதற்கு வயலின் மூலைகளைக் கையால் அறுத்து வைக்க வேண்டும். அறுத்து, கட்டி, தலையில் தூக்கிக் கரையேற்றினேன். குளிக்கக்கூட விடாமல், “வாடா, எல்லாரும் வந்தாச்சு” என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள்.

சீட்டைப் பிரித்தால் அத்தனையும் ஏழும் எட்டும். குப்பை. கழுத்தைச் சொறிந்தேன். அத்தான் கண்ணை மூடித் திறந்தார், புரிந்தது என்று. அதுவரை சரி.

அப்புறம்தான் சுனை வேலையைக் காட்டியது. நெற்கதிரில் ஒட்டியிருக்கிற அந்த அரிப்புத் தூசி ஊர்க்காரன் உடம்பை ஒன்றும் செய்யாது. என் ஏ.சி. தோலுக்குள் நுழைந்து கூத்தாடியது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், ஊஹூம். கை தானாகக் காதுக்குப் போனது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக்குப் போனது. அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

“இருநூறு” என்றார் நடராஜன்.

“இருநூத்தி ஐம்பது!” என்றார் அத்தான்.

அண்ணனைக் கேட்க விடு என்று எனக்குப் பாடம் நடத்திய மனுஷன்! வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நான் நடிக்கிறேனாம், மெச்சிக்கொண்டு சிரித்தார். அதற்குள் இரண்டு காதும் அரித்தது, இரண்டு கையாலும் பிறாண்டிக்கொண்டேன். மறுபடி மூக்கு. மறுபடி காது. கையில் இருப்பதே நான்கு சீட்டு, ஏழாவது ஜாக்கியும் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு கட்டில் எத்தனை ஜாக்கி என்று யோசிக்க மாட்டாரா ஒரு மனுஷன்?

“முந்நூறு!” என்று தரையில் அடித்தார் அத்தான்.

நடராஜன் தம்பியைப் பார்த்தார். “ஆடுங்க தம்பி, ஆடுங்க. நாங்க குறுக்க வரலை” என்றார் அத்தானிடம், பாயாசம் குடித்த குரலில்.

பாதி ஆட்டத்திலேயே வடகரைக்காரர்கள் எழுந்து போய் மிஷினுக்கு மாலை போட்டுவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “ஏண்டா, ஒரு அரைமணி நேரம் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உன்னால?”

“அரிச்சுதுப்பா...”

“அரிக்கும்டா, அரிக்கும். சோறு இல்லாமப் போனா வயிறும் அரிக்கும்.”

அத்தான் அக்காவிடம், “உன் தம்பியால கெட்டுது” என்று முடித்துக்கொண்டார். அன்று அவர் சட்டையைப் பிடிக்காததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தவறு.

வடகரையில் அறுத்து முடித்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது, விடாத அடைமழை. அவர்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் அம்பாரமாகக் கிடந்தது. சாக்கு வரவில்லை, நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது நெல் பச்சையாக முளைத்திருந்தது. நடராஜன் அதை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கு அனுப்பாதவர்கள் மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் கதிர் சாய்ந்துதான் போனது. ஆனால் தண்ணீரை வடியவிட்டு, சேற்றிலும் ஓடுகிற பெல்ட் மிஷின் வைத்து அறுத்ததில் முக்கால்வாசி தேறியது.

இப்போது எங்கள் வீட்டில் காதுகுத்து, கல்யாணம் எது நடந்தாலும், சாப்பிட்டு முடித்ததும் அத்தானைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பிப்பார். “மழை வரும்னு எனக்கு அப்பவே தெரியும். முதல்ல அறுத்தவன் மாட்டுவான்னும் தெரியும். அதான் வேணும்னே முந்நூறு கேட்டேன். பாவம், மாப்ளைக்கு அந்த நுணுக்கமெல்லாம் புரியாது.”

அப்பா தலையை ஆட்டுவார். அக்கா பூரித்துப் போவாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்று கத்துவேன். என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்து, “விடுங்க. அவர் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா உங்க வீட்டு நெல்லு என்ன ஆயிருக்கும்?” என்பாள்.